பதினொரு மணிக்கு வரும் பார்ட்டி

டில்லிபாபுவுக்குத் தென்சென்னை முழுக்க அத்துப்படி, ஆனால் வெளிச்சுவர்ப் பக்கமிருந்து மட்டும். பதினெட்டு வருஷமாக ஏசி மெக்கானிக். மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை எந்த ஜன்னலுக்கு வெளியே எந்தக் கம்பெனிப் பெட்டி தொங்குகிறது, எதற்குள் புறா முட்டையிட்டிருக்கிறது, எந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனி அறையில் தனித்தனி ஏசி போட்டுத் தூங்குகிறார்கள் என்பது வரை சொல்வான். இப்படிப்பட்டவன் வீடு வாங்கக் கிளம்பினால் வேலை ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஒரு வருஷம் ஆயிற்று. எல்லாம் தெரிந்தவனுக்கு எந்த ஏரியாவும் பிடிப்பதில்லை.

அவன் மனைவி மணிமொழிக்கு ராயப்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தினமும் எண்பது பேர் கையில் ஊசி குத்துகிறவள், வளவளப்பு ஆகாது. கோடம்பாக்கத்தில் வாடகைப் போர்ஷனில் ஒண்டிக்கொண்டு காலம் தள்ளியது போதும் என்று முடிவு கட்டியதும் அவள்தான்.

"தி.நகர் பாக்கலாமா?" என்பாள்.

"தீபாவளி சமயத்துல உன் வீட்டுக்கு நீயே போவ முடியாது. போன வருசம் நான் ஏசி காயில தலையில வெச்சிக்கினு போறேன், ஒரு அம்மா நிறுத்தி அது இன்னா வெலன்னு கேக்குது."

"சரி, பெசன்ட் நகர்?"

"உப்புக் காத்து. மூணு வருசத்துல காயிலு பொடிப்பொடியா கொட்டிடும்."

"நாம வாங்கப் போறது ஏசி இல்லய்யா, வீடு."

"ஏசிக்கே அந்த கதின்னா மனுசன் இன்னா ஆவறது?"

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். இதைவிடப் பெரிய வியாதி ஒன்று அவனிடம் இருந்தது. வீடு வாங்க வந்திருக்கிறேன் என்று அவன் வாய் திறந்து சொல்ல மாட்டான். அடையாறில் ஒரு வீடு பார்க்கத் தனியாகப் போனான். வீட்டுக்காரர் இவனைக் கண்டதும், "டில்லியா, வந்ததே வந்துட்ட, பெட்ரூம் ஏசி ஒரு சத்தம் போடுது பாரு" என்றார். இவன் மறுபேச்சில்லாமல் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே இறங்கிவிட்டான். திரும்பி உள்ளே வருவதற்குள் வேறொரு பார்ட்டி முன்பணம் கொடுத்துவிட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தது. மயிலாப்பூரில் இன்னொரு இடத்தில் வாட்ச்மேன் நீட்டிய சர்வீஸ் ஆட்கள் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்படி வழியாக ஏறினான். மணிமொழி முன்பக்க லிஃப்டில் போய் மேலே அவனுக்காகக் காத்திருந்தாள். அந்த வீடும் கை நழுவியது.

வெட்கமா பயமா என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. நாலாவது மாடிச் சுவரில் கயிற்றைக் கட்டிக்கொண்டு தொங்கும்போது நடுங்காத கால், வீட்டுக்காரர் எதிரே சோஃபா நுனியில் உட்கார்ந்தால் நடுங்கும்.

கடன் தருகிறோம் என்று பேங்க் கொடுத்த கடிதத்துக்கு மூன்று மாதம்தான் ஆயுசு. அதில் பன்னிரண்டு நாள் மிச்சம். அது போனால் வட்டி ஏறும், மறுபடி காகிதம் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். சனிக்கிழமை பதினொரு மணிக்குப் பார்க்க மந்தைவெளியில் ஒரு வீட்டை புரோக்கர் அய்யாதுரையிடம் ஃபோனிலேயே பேசி ஏற்பாடு செய்தாள் மணிமொழி. காலை ஷிஃப்ட் முடித்து லேபிலிருந்து நேராக வந்துவிடுவாள்.

"வெலையெல்லாம் நான் பேசிக்கிறேன். நீ ஒண்ணே ஒண்ணு சொல்லு, நாங்கதான் வாங்கறோம்னு. அதுவும் வாயில வராதுன்னா கோடம்பாக்கத்துலயே கெட, நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

அவள் அம்மா வீடு பக்கத்துத் தெருதான். இருந்தாலும் அவள் சொன்ன விதம் சரியில்லை. டில்லிபாபு இஸ்திரி போட்ட சட்டையில் பத்து மணிக்கே கிளம்பிப் போனான். மனைவி அனுப்பியிருந்த லொகேஷன் கொண்டுபோய் நிறுத்திய கேட் அவனுக்கு நன்றாகத் தெரிந்த கேட். லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம், மூன்றாவது மாடி, ஸ்ரீரஞ்சனி மாமி வீடு. பத்து வருஷத்து வாடிக்கை.

சரி, பார்ட்டி நான்தான் என்று மாமியிடம் முன்கூட்டியே தனியாகச் சொல்லிவிடலாம், மணிமொழி முன்னால் தடுமாற வேண்டாம் என்று மேலே ஏறினான். எண்ணம் நல்ல எண்ணம்தான்.

கதவைத் திறந்த மாமி அவனைப் பேசவே விடவில்லை. "வாப்பா டில்லி. இப்பதான் உனக்கு ஃபோன் பண்ணலாம்னு எடுத்துண்டேன்."

"மாமி, நான் இன்னிக்கு வந்தது இன்னான்னா..."

"ஹால் ஏசி விடிகாலைலேர்ந்து சொட்டிண்டே இருக்கு. பதினொரு மணிக்கு ஆத்தைப் பாக்க பார்ட்டி வராளாம். இப்படித் தண்ணி ஒழுகிண்டிருந்தா யார் வாங்குவா? ஏறு, ஏறு. பை எங்கே?"

பை இல்லை. ஆனால் ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் அவன் கல்யாணத்துக்குக்கூடப் போனதில்லை. பேன்ட் பாக்கெட்டிலிருந்து அது தானாகக் கைக்கு வந்தது, ஸ்டூல் தானாக ஏசிக்கு அடியில் வந்தது. மூடியைக் கழற்றிக்கொண்டே, "மாமி, அந்தப் பார்ட்டி இருக்குதே..." என்று ஆரம்பித்தான்.

"அதைத்தான் சொல்ல வந்தேன்," என்று மாமி முட்டியைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்கு அறுபத்தைந்து வயது, இரண்டு முட்டியும் போய்விட்டது. தெருவுக்கு இறங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. "இந்தத் தெருவுல தண்ணி நிக்குமான்னு வரவா எல்லாரும் கேக்கறா. உனக்குத் தெரியாததா, பெருமழைன்னா ரெண்டாவது படி வரைக்கும் வரும். பார்ட்டி வந்தா, பத்து வருஷமா வந்துண்டிருக்கேன், ஒரு சொட்டு நின்னு பாத்ததில்லேன்னு நீ ஒரு வார்த்தை சொல்லிடு. உன்னை மாதிரி வேலைக்காரா சொன்னா நம்புவா."

முழங்காலளவு தண்ணீரில் அவன் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போனது இதே தெருவில்தான். டில்லிபாபு வாயைத் திறந்தான். அதே நேரம் தண்ணீர் வடியும் டிரெயின் பைப்பில் வாய் வைத்து ஊத வேண்டியிருந்தது.

அவன் ஊதி முடிப்பதற்குள் மாமி மீனுக்கு வந்துவிட்டாள். "கீழ மீன் கூடாதுன்னு போர்டு வெச்சிருக்கா பாரு, எல்லாம் வேஷம். ரெண்டாவது மாடி செக்ரட்டரி ஆத்துக்கே ஞாயித்துக்கிழமை பட்டினப்பாக்கத்துலேர்ந்து வஞ்சிரம் வரது. லாண்டரிப் பைக்குள்ள. அதை வெளில சொல்லாதே. சுத்த சைவக் கட்டடம்னாதான் வெலை."

"மாமி, ஒரு நிமிசம் நான் சொல்றத..."

"வெலைன்னதும் ஞாபகம் வரது. அய்யாதுரை அறுபத்திரண்டு லட்சம் சொல்லியிருக்கார். உன்கிட்ட சொல்றதுக்கென்ன, அம்பத்தாறு வந்தாக்கூடக் குடுத்துடுவேன்."

ஸ்க்ரூடிரைவர் கை நழுவித் தரையில் விழுந்தது. பேங்க் தருவது, சேர்த்து வைத்தது, மணிமொழியின் நகை எல்லாம் போட்டுத் தலைகீழாக நின்றாலும் அவர்களிடம் இருப்பது அதே ஐம்பத்தாறுதான். இந்த நிமிஷத்தில் உண்மையைச் சொன்னால் இவ்வளவு நேரம் திருட்டுத்தனமாகக் காது கொடுத்தவன் ஆவான். சொல்லாவிட்டால் இன்னும் மோசம். எந்தப் பக்கம் போனாலும் அடி விழுகிற இடத்தில் மனுஷன் செய்வதையே அவனும் செய்தான். ஏசிக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

அதற்குப் பிறகு மாமி சொன்னதுதான் அவனை நிஜமாகவே வதைத்தது. "எனக்கு விக்க மனசே இல்லடா. பூனாவுல இருக்கற பொண்ணு, வித்துட்டு இங்க வந்துடுன்னு தெனமும் பிடுங்கறா. முப்பத்தோரு வருஷம் இருந்த எடம். இதை யார்கிட்டயும் சொல்லலே, அவகிட்டகூட."

காலிங் பெல் அடித்தது. அய்யாதுரையும் அவர் பின்னால் மூன்று மாடி ஏறிய மூச்சோடு மணிமொழியும் வந்தார்கள். மாமி முட்டி வலியை அப்படியே நாற்காலியில் விட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

"வாங்கோ, வாங்கோ. ஃபேன் கீழ உக்காருங்கோ."

மணிமொழி உட்கார்ந்தாள். ஹாலைப் பார்த்தாள். அப்புறம் ஸ்டூலைப் பார்த்தாள். ஸ்டூல் மேல் இஸ்திரிச் சட்டை தொப்பலாக நனைந்து, கையில் ஏசி மூடியோடு நின்றவனைப் பார்த்தாள். ரத்தம் எடுப்பதற்கு முன்னால் நரம்பைத் தேடும் பார்வை அது.

மாமி ஆரம்பித்துவிட்டாள். கிழக்குப் பார்த்த வாசல். கட்டடத்தில் ஒருத்தருக்கொருத்தர் சத்தம் போட்டுப் பேசியதில்லை. அத்தனை பேரும் சுத்த சைவம், மீன் வாசனைகூட இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மீன் வறுக்கிற மணிமொழியின் முகம் இதைக் கேட்டதும் தொங்கிப் போயிற்று.

"மழைக்குத் தெருவுல தண்ணி நிக்குமா மாமி?" என்று கேட்டாள்.

"இந்தத் தெருவுலயா? நான் சொல்றதைவிட நம்ம டில்லியையே கேளுங்கோ. பத்து வருஷமா வந்துண்டிருக்கான், பொய் சொல்ல மாட்டான்."

மூன்று தலைகளும் மேலே திரும்பின. அடையாறு ஜன்னலும் மயிலாப்பூர்ப் பின்படியும் போன கதி இதற்கும் வரப் போகிறது என்று டில்லிபாபுவுக்குத் தெரிந்தது. இப்போதும் வாயை மூடிக்கொண்டு நின்றால் வீடு மட்டுமா போகும், பெண்டாட்டி முகத்தில் எப்படி முழிப்பது. ஸ்டூலை விட்டு இறங்கினான். மூடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அய்யாதுரை கையில் கொடுத்தான்.

"தண்ணி நிக்கும்," என்றான். "ரெண்டாவது படி வரைக்கும் வரும். கட்டடத்துல மீனும் துன்றாங்க. மாமி, பதினொரு மணிக்கு வர பார்ட்டி நாங்கதான். இது மணிமொழி, என் வீட்டுக்காரி. வீடு நாங்கதான் வாங்கறோம்."

ஒரு வருஷமாக வராத வார்த்தை வந்தேவிட்டது. ஆனால் மணிமொழி அதைக் கொண்டாடும் நிலையில் இல்லை, மாமியின் முகம் அப்படி இருந்தது.

"நீயா?" என்றாள் மாமி. "அரை மணியா என் வாயைக் கிண்டிண்டு நின்னியேடா."

"கிண்டல மாமி. சொல்ல வந்தேன். தப்புதான்."

அய்யாதுரை ஏசி மூடியை மார்போடு அணைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார். வந்த வியாபாரம் கண்ணெதிரே கரைவதை எந்த புரோக்கர் பார்த்துக்கொண்டிருப்பார்? "அது கெடக்கட்டும்மா. ரேட்டுக்கு வருவோம். அறுபத்திரண்டு சொல்லியிருக்கோம்."

"எங்களால அம்பத்திமூணுதான் முடியும்," என்றாள் மணிமொழி.

மாமி அவர்கள் இருவரையும் விட்டுவிட்டு டில்லிபாபுவையே பார்த்தாள். "நீ சொல்லு. உன்கிட்ட என்னெல்லாம் சொன்னேன் நான்?"

"தண்ணியப் பத்தி சொன்னீங்க, மீனப் பத்தி சொன்னீங்க. வேற ஒண்ணும் எனக்கு நியாபகம் இல்ல மாமி."

வேறு ஏதோ இருக்கிறது என்பது மணிமொழிக்கு உடனே புரிந்துவிட்டது. "யோவ், வேற இன்னா சொன்னாங்க?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். அவன் தரையில் கிடந்த ஸ்க்ரூடிரைவரைக் குனிந்து எடுத்தான். ஈரச் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மாமி மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள், இந்தத் தடவை முட்டியை மறைக்காமல். "டில்லி, ஒண்ணு கேக்கறேன். வாங்க வந்தவனா சொல்லாதே. ஏசி பாக்க வரவனா சொல்லு. நான் இந்த ஆத்தை விக்கட்டுமா, வேண்டாமா?"

"தாராளமா வித்துடலாம்மா, மார்க்கெட் இப்ப..." என்று அய்யாதுரை தொடங்கினார்.

"உங்களைக் கேக்கலை."

வேண்டாம் என்று சொன்னால் பன்னிரண்டு நாள் கடிதம் குப்பைக்குப் போகும். விற்றுவிடுங்கள் என்றால் தன் வாய்க்குத் தானே ஊட்டிக்கொள்வதுபோல் இருக்கும். டில்லிபாபு இரண்டையும் யோசித்தான், யோசித்து அலுத்துப்போய்த் தனக்குத் தெரிந்ததையே சொன்னான்.

"போன மழைக்கு மூணு நாளு கரண்ட் இல்ல. நான் தண்ணி கேன் தூக்கிக்கினு வந்தப்போ நீங்க இருட்டுல பிஸ்கட் துன்னுக்கினு இருந்தீங்க. இந்த முட்டிக்கு மூணு மாடி ஆவாது மாமி. மனசு இல்லன்னாலும் வித்துட்டு பொண்ணாண்ட போயிடுங்க. எங்களுக்கே விக்கணும்னு இல்ல. யாருக்குன்னாலும் வித்துட்டு போயிடுங்க."

மணிமொழி கண்ணை மூடிக்கொண்டாள். வீடு வாங்க வந்த இடத்தில் யாருக்கு வேண்டுமானாலும் விற்கச் சொன்ன ஒரே மனுஷன் இந்த மந்தைவெளியில் தன் புருஷனாகத்தான் இருக்க முடியும்.

மாமியின் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "பூனாவுலேர்ந்து அவ சொன்னா கோபமா வரது," என்றாள் பொதுவாக. பிறகு மணிமொழி பக்கம் திரும்பினாள். "அம்பத்தாறு. முடியுமா பாருங்கோ."

"முடியும்," என்றாள் மணிமொழி.

"அம்மா, அறுபத்திரண்டும்மா," என்றார் அய்யாதுரை பரிதாபமாக.

மாமி அவரைக் கண்டுகொள்ளவில்லை. "உங்காத்துக்காரர் ரொம்ப நல்லவர்," என்றாள் மணிமொழியிடம். "ஆனா வீடு வாங்க லாயக்கில்லை."

"தெரியும் மாமி," என்றாள் மணிமொழி. "அதனாலதான் ஒரு வருசமா சுத்திக்கினு கீறோம்."