அதிகம் பேர் பார்த்த பக்கம்

என் வீட்டுக்காரருக்குக் கல்யாணச் சமையல் என்றால் உயிர். திருவந்திபுரம் கோயிலில் ஒரு முகூர்த்தத்துக்கு ஐம்பது கல்யாணம் நடக்கும். ஒன்றாவது நமக்கு வராதா என்று கடலூரில் ‘சுப்பராயலு கேட்டரிங்’ போர்டு மாட்டினார். 2010 ஆவணியில் கையில் ஒரு ஆர்டர்கூட இல்லை. தையிலும் இப்படியே போனால் தொழிலை மூடிவிட்டு, குடிகாட்டுத் தொழிற்பேட்டையில் ஏதாவதொரு கம்பெனி கேன்டீனுக்குச் சம்பளத்துக்குப் போவதாகச் சொன்னார். சொன்ன நாளிலிருந்து மனுஷர் சரியாகச் சாப்பிடவில்லை.

என் தம்பி அறிவழகன் அவருக்கு ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்திருந்தான். யார் எந்த ஊரிலிருந்து எந்தப் பக்கத்தை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று அது சொல்லுமாம். ஒரு நாள் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான்.

"மாமா, கல்யாண மெனுவை பத்து செகண்டுல மூடிடறாங்க. கருமாதி விருந்துப் பக்கத்துலதான் நாலு நிமிஷம் நிக்கிறாங்க. எல்லாம் சென்னை, சிங்கப்பூர்ல இருக்குறவங்க. ‘சிதம்பரம் கருமாதி சமையல்’னு தேடி வர்றாங்க."

"அந்தப் பக்கத்த யாரு மச்சான் போடச் சொன்னது?"

"நாந்தான்" என்றேன். "கல்யாணத்துக்கு ஆள் சொல்ல நூறு சொந்தம் இருக்கு. சிங்கப்பூர்ல இருக்குற புள்ள, அப்பன் செத்தா யாரக் கேப்பான்? கம்ப்யூட்டரத்தான் கேப்பான்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. கருமாதிக்குக் கரண்டி பிடித்தவனைக் கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று பயம். கேன்டீன் பயம் அதைவிட ஜாஸ்தி என்பதால் ஒப்புக்கொண்டார். ‘சிதம்பரத்துக்கும் வந்து செய்வோம், போனில் சொன்னால் போதும்’ என்று அறிவழகன் அந்தப் பக்கத்தில் சேர்த்தான். பத்தே நாளில் சிங்கப்பூரிலிருந்து போன் வந்தது, சிதம்பரத்தில் அப்பாவுக்குக் கருமாதி என்று.

சிதம்பரத்தில் சமையலில் ஒரு குறையும் இல்லை. பந்தி முடிந்ததும்தான் வினை. கல்யாண மண்டபம் என்ற நினைப்பில் இவர் வாசலில் நின்றுகொண்டு, போகிறவர்களுக்கெல்லாம் கார்டு நீட்டி, வாயெல்லாம் பல்லாக, "அடுத்த விசேஷத்துக்கும் நம்மளையே கூப்புடுங்க" என்றார். ‘போயிட்டு வரேன்’ என்றுகூடச் சொல்லாமல் கிளம்பவேண்டிய வீடு அது.

இறந்தவரின் அண்ணன், எண்பது வயதுக்காரர், கார்டைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்தார்.

"அடுத்தது நான்தாம்பா" என்றார். கார்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "பாயசம் நல்லா இருந்துச்சு. எனக்கும் நீயே வந்து செய்யி."

என் வீட்டுக்காரர் அந்தக் கார்டை அவர் பையிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டார். "அந்த ஆர்டர் எனக்கு வேணாங்கய்யா. பாயசம் வேணும்னா சொல்லியனுப்புங்க, நானே எடுத்தாறேன்."

பெரியவர் சிரித்தார். எனக்கு இவர்மேல் அப்படி ஓர் ஆசை வந்தது.

பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். பந்தியில் சாப்பிட்ட பண்ருட்டிக்காரர் ஒருவர் எங்கள் பின்னாலேயே வந்தார். சாவு வீட்டு வாசலில் கல்யாணப் பேச்சு கூடாது என்று தெருமுனை தாண்டியதும்தான் வாயைத் திறந்தார்.

"தை பதினஞ்சு என் பொண்ணு கல்யாணம். திருவந்திபுரத்துல. அன்னிக்கு உங்களுக்குத் தோதுப்படுமா?"

தை மாதம் முழுக்கக் காலியாகக் கிடந்த டைரியைச் சுமந்துகொண்டிருந்த மனுஷர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "டைரியப் பாத்துச் சொல்றேங்க."

நான் அவர் விலாவில் ஓர் இடி இடித்து, "காலிதாங்க" என்றேன்.