சாம்பல் நிறத்தில் எறும்பு

புதுக் கம்ப்யூட்டர் என் மேசைக்கு வந்தது மார்ச் நான்காம் தேதி. ஐந்தாம் தேதியிலிருந்து என் கண்வலிக்குக் குறிப்பு எழுதி வருகிறேன். முதல் நாள் பதினொன்றரைக்குத் தொடங்கியது. பத்தாம் நாள், உட்கார்ந்த கால்மணியில். கிர்கிஸ்தானின் நாரின் நகர நில அலுவலகத்தில் மேய்ச்சல் நிலங்களின் எல்லைக்கோட்டை வரைபடத்தில் இழுப்பவள் நான். பத்தொன்பது வருஷமாக இதே வேலை.

கண் டாக்டர் குறை எதுவும் இல்லை என்றார். திரையின் வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தேன். பிறகு வீட்டிலிருந்த பழைய திரையைப் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து மாட்டினேன். அதிலும் அதே வலி. அப்படியானால் கோளாறு திரையில் இல்லை, கம்ப்யூட்டர் பெட்டிக்குள் என்று எழுதிவைத்தேன். கம்ப்யூட்டர் பார்க்கும் தைர்பெக்கிடம் சொன்னேன்.

"பெட்டி புத்தம் புதுசு எஜே. பழசாப் போனது வேற ஏதாச்சும் இருக்கும்" என்றான். எஜே, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவான்.

மேலாளர் சத்தார் பைகே சுற்றி வளைக்கவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள இந்த நாப்பத்தோரு எல்லையும் முடியலன்னா சொல்லிடு சால்கின். ஜன்னல்ல மனு வாங்குற வேலைக்கு மாத்திடறேன்."

செவ்வாய்க்கிழமை அது. கோடு இழுத்த கை முத்திரை குத்துவதா என்று இரவெல்லாம் புரண்டேன்.

பக்கத்து மேசை கலிபா எஜே என்னைவிட எட்டு வயது மூத்தவள். "ஆபீஸ்லயே உனக்கு மட்டும் புதுப்பெட்டி. யார் கண்ணுதான் படாது? என் கண்ணே பட்டிருக்கும்" என்றாள். மறுநாள் ஒரு கரண்டியில் அத்ரஷ்பான் என்ற திருஷ்டிச் செடியைக் கொளுத்தி, புகையை என் தலையைச் சுற்றிக் காட்டினாள். கம்ப்யூட்டரையும் விடவில்லை. தலைநகர் பிஷ்கெக்கில் இருக்கும் மகளுக்கு அனுப்ப, போனைத் திரைக்கு நெருக்கமாகப் பிடித்து, புகை மெல்ல மெல்ல நகர்வதுபோல் ஸ்லோமோஷனில் வீடியோ எடுத்தாள்.

எடுத்ததைப் பார்த்து முகம் சுளித்தாள். "என்னடி இது, உன் வரைபடத்துல எறும்பு ஊருது?"

வீடியோவில், புகைக்குப் பின்னால் வரைபடத்தின் சாம்பல் நிறம் புள்ளி புள்ளியாகத் துடித்துக்கொண்டிருந்தது. வெறுங்கண்ணுக்கு அது அசையாத சாம்பல்.

தைர்பெக்கைக் கூப்பிட்டோம். அந்த வீடியோவை மூன்று தடவை போட்டுப் பார்த்தான். "கிராபிக்ஸ் கார்டு வேலை எஜே. இந்த நிறம் அதுகிட்ட இல்ல. பக்கத்து ரெண்டு நிறத்த வேகமா மாத்தி மாத்திக் காட்டி சமாளிக்குது. நமக்குத் தெரியல, கண்ணு உழைச்சுக்கிட்டே இருக்கு போல."

"நிறுத்த முடியுமா?"

"இதுல அதுக்கு வழியே வைக்கல."

மூலையில் கிடந்த என் பழைய பெட்டியிலிருந்து கார்டைக் கழற்றி இதில் செருகினான். மறுபடி அதேபோல் வீடியோ எடுத்தோம். சாம்பல் சும்மா கிடந்தது. நிறங்கள் கொஞ்சம் பட்டை பட்டையாகத் தெரிந்தன. தெரியட்டும்.

வெள்ளி மாலை நாற்பத்தோரு எல்லைகளையும் முடித்துக் கொடுத்தேன்.

"கண்ணு என்ன ஆச்சு?" என்றார் சத்தார் பைகே.

"புகைதான். ஒரே தடவைதான் காட்டினேன்" என்று முந்திக்கொண்டாள் கலிபா எஜே.

அவள் சொன்னது முழுப் பொய்யும் இல்லை.

அன்றைய குறிப்பு: வலி பாதி. நாற்காலி முழுசும் எனக்கே.