சோகினுக்குப் பட்டமளிப்பு

கொசோக்கள் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டன என்பதில் அந்த அலுவலகத்தில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. சரி, எதைக் குறைப்பது என்று கேட்டால்தான் எல்லோர் வாயிலும் கொழுக்கட்டை.

ஒசாகாவில் ஆற்றைப் பார்த்த ஆறு மாடிக் கட்டடத்தில் இருக்கும் அந்தக் கம்பெனி, முப்பது வருடமாக ஒரே ஒரு விளையாட்டை வைத்துப் பிழைக்கிறது. புதரிலும் படிக்கட்டுக்கு அடியிலும் ஒளிந்திருக்கும் கொசோ என்னும் குட்டிப் பிராணிகளைத் தேடிப் பிடித்து, வளர்த்து, ஒன்றோடொன்று மோதவிட வேண்டும். முதல் விளையாட்டில் எண்பது கொசோக்கள் இருந்தன. குழந்தைகள் அத்தனை பெயரையும் வாய்ப்பாடு போல ஒப்பித்தார்கள். இப்போது ஆயிரத்து நூற்றுச் சொச்சம். சொச்சம் எவ்வளவு என்று கேட்டால் சண்டை வரும். குளிர்காலச் சட்டை போட்ட கொசோவைத் தனியாக எண்ணுவதா கூடாதா என்பதில் இரண்டு பிரிவுகள் முகம் கொடுத்துப் பேசுவதே இல்லை.

நரி, ஆமை, பறக்கும் பாம்பு எல்லாம் எப்போதோ தீர்ந்துபோயின. பிறகு வந்தவை வளைந்த ஆணி, சாலையில் வைக்கும் ஆரஞ்சுக் கூம்பு, ஃப்ரிட்ஜுக்குள் எரியும் விளக்கு. பெயர் ஐந்து எழுத்தைத் தாண்டக் கூடாது என்று ஆரம்பத்திலேயே ஒரு விதி வைத்துவிட்டார்கள். நல்ல பெயர்கள் தீர்ந்துவிட்டதால் கடைசியாக வந்த மூன்றின் பெயரும் தும்மல் மாதிரி இருந்தது. ரசிகர்களையாவது கேட்கலாம் என்றால், "ரொம்ப ஜாஸ்தியாயிடுச்சு, குறைச்சுத் தொலைங்க" என்று காலையில் எழுதுகிற அதே ஆள், "எங்க கொசோ மேல கை வச்சீங்க, அவ்வளவுதான்" என்று சாயங்காலம் எழுதுகிறான்.

இந்தக் கூத்துக்கு நடுவே உமெகாகிக்கு ஒரே ஒரு கவலை. அவளுடைய சோகின் தப்ப வேண்டும்.

உமெகாகி அங்கே இருபத்தேழு வருடமாகப் படம் போடுகிறவள். சோகின் அவள் வரைந்த முதல் கொசோ. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மண்டியிட்டுத் தரையைத் துடைக்கும் தைத்த துணி இருக்கிறதே, அதேதான்; இரண்டு கண், கொஞ்சம் ஈரம். பறக்காது, மின்னாது. எதிரி சிந்தியதைத் துடைக்கும். அது ஒன்றுதான் அதன் வித்தை. சிறுமியாக ஊர் மாறி வந்து புதுப் பள்ளியில் யாரும் பேச்சுக் கொடுக்காத நாட்களில், அந்தத் துணியோடுதான் அவள் மனதுக்குள் பேசிக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆகி, முறிந்து, வீடு நான்கு முறை மாறிய பிறகும் சோகின்மேல் இருந்த பாசம் மாறவில்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

வருடா வருடம் ரசிகர்களிடம் வாக்கெடுப்பு நடக்கும். ஆளுக்கு ஒரு ஓட்டு. சோகின்தான் எப்போதும் கடைசி. அதற்கு விழும் அந்த ஒற்றை ஓட்டு யாருடையது என்று அலுவலகத்தில் ஆச்சரியப்படுவார்கள். உமெகாகியும் சேர்ந்து ஆச்சரியப்படுவாள்.

அந்தக் குளிர்காலத்தில் பிரிவுத் தலைவர் தெராமோதோ கூட்டம் கூட்டினார். நல்ல மனிதர். கசப்பான சொல் எதையும் வாயால் சொல்ல முடியாதவர். சாப்பாடு கெட்டுப்போயிருந்தால்கூட, "இது கொஞ்சம் வயசான சோறு" என்பார்.

"இந்தத் தடவை சில கொசோக்களுக்கு... வந்து... பட்டமளிப்பு செய்யலாம்னு ஒரு யோசனை."

இந்த நாட்டில் யாரும் யாரையும் விலக்குவதில்லை. பாட்டுக் குழுவிலிருந்து துரத்தப்பட்ட பெண்ணாகட்டும், டிவி நிகழ்ச்சியிலிருந்து கழற்றிவிடப்பட்ட கிழவராகட்டும், எல்லோரும் பட்டம் பெற்றுத்தான் வெளியே போவார்கள். பூங்கொத்தும் உண்டு. கழுத்தை அறுப்பதற்கு இவ்வளவு அழகான சொல்லைக் கண்டுபிடித்தவன் யாரோ, அவனுக்கு முதலில் கொடுத்திருக்க வேண்டும் அந்தப் பட்டத்தை.

"ஆணிய எடுத்துடலாமா?" என்றார் தெராமோதோ.

பொம்மை விற்பனையைப் பார்க்கும் மகிஹாரா குதித்தான். "ஆணிச் சாவிக்கொத்து குடோன்ல மலையா கிடக்கு! அத வித்துட்டு எடுங்க."

"கூம்பு?"

"போலீஸ்காரங்களுக்கு அதுதான் பிடிச்ச கொசோ. நீங்க போய்ச் சொல்றீங்களா?"

"அப்போ சோகின்..."

"அத எடுங்க" என்றான் மகிஹாரா. "அது இருக்கறதே எனக்கு இப்பத்தான் தெரியும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். இருபத்தேழு வருடத்தில் கூட்டத்தில் வாய் திறக்காத உமெகாகி எழுந்து நின்றாள்.

"ஒண்ணு கேக்கறேன். கொசோ சோறு கேக்குதா? சம்பளம் கேக்குதா? போனஸ் கேக்குதா? ஆயிரம் இருந்தா என்ன, ரெண்டாயிரம் இருந்தா என்ன? அது பாட்டுக்கு ஒரு மூலைல கிடக்குது. அத விரட்டி யாருக்கு என்ன லாபம்?"

தெராமோதோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்ல கோணம். யோசிச்சுப் பாக்கறோம்."

இங்கே 'யோசிச்சுப் பாக்கறோம்' என்றால் முடியாது என்று அர்த்தம். பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். உமெகாகி எல்லோரும் போன பிறகு, வழக்கம்போலக் கூட்ட மேசையின் காபிக் கறைகளைத் துடைத்துவிட்டு, சோகின் போய்விட்டது என்று நினைத்து ரயிலில் அழுதுகொண்டே வீடு போனாள். ஆனால் தெராமோதோ வாழ்நாளில் முதல்முறையாக உண்மையிலேயே யோசித்தார். வினையே அங்கேதான் வந்தது.

பிப்ரவரியில் ஒருநாள், சூடான காபி டப்பா தரும் இயந்திரத்தின் முன்னால் அவளைப் பிடித்தார். காசைப் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார்.

"உமெகாகி சான்... அந்தப் பட்டமளிப்பு விஷயம்... உறுதியாயிடுச்சு. மார்ச் கடைசில."

யாருக்கு என்று சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்கள். சங்கடமான வாக்கியத்தில் எழுவாயை விழுங்கிவிடுவதுதான் இங்கே மரியாதை. கேட்கிறவர் தாமாகப் போட்டுக்கொள்ள வேண்டும். உமெகாகி சோகினைப் போட்டுக்கொண்டாள்.

இடுப்பு வரை குனிந்து வணங்கினாள். "இத்தன வருஷம் வச்சுக்கிட்டதே பெருசு. ரொம்ப நன்றிங்க."

தெராமோதோ திகைத்துப்போனார். அழுகையை எதிர்பார்த்துக் கைக்குட்டை எல்லாம் தயாராக வைத்திருந்தார். "வருத்தம்... ஒண்ணும் இல்லையே?"

"இல்லாம இருக்குமா? ஆனா பழசாயிடுச்சு. நிறம் மங்கிப்போச்சு. இப்ப வர்ற புதுசுங்க பக்கத்துல நிக்க முடியுமா?"

"ஐயையோ, அப்படிச் சொல்லாதீங்க!"

"உள்ளத சொல்றேன். தொடைக்கறதத் தவிர வேற என்ன தெரியும்?"

தெராமோதோவுக்கு அவள் தினமும் துடைத்து வைக்கும் கூட்ட மேசை நினைவுக்கு வந்தது. கைக்குட்டையை அவரே பயன்படுத்தினார்.

"வழியனுப்பு உரைய நானே எழுதித் தரட்டுமா?" என்றாள் உமெகாகி. "என்னவிட நல்லா யாருக்குத் தெரியும்?"

"உங்க கையாலயேவா?"

"பூங்கொத்து மட்டும் சாம்பல் நிறத்துல கட்டிடுங்க. பளிச்சுனு வேணாம்."

அன்று சாயங்காலத்துக்குள் செய்தி ஆறு மாடியும் ஏறி இறங்கியது. என்ன ஒரு மனத்திடம் என்று வியந்தார்கள். மகிஹாராகூட வழியில் பார்த்து, "நான் அன்னிக்கு அப்படிப் பேசினத மனசுல வச்சுக்காதீங்க உமெகாகி சான்" என்றான். அவனுக்கும் ஈரம் உண்டு என்று அவள் சந்தோஷப்பட்டாள்.

மார்ச் கடைசி நாள் எல்லோரும் பெரிய அறையில் கூடினார்கள். கிரீம் கேக், பிளாஸ்டிக் கோப்பைகளில் பீர், சாம்பல் நிறத்தில் பூங்கொத்து. தெராமோதோ உரையைப் படிக்கத் தொடங்கினார். மரியாதை தெரிந்தவள் என்பதால் உமெகாகி அதிலும் எழுவாய் வைக்கவில்லை.

"மின்னியதில்லை. நெருப்புக் கக்கியதில்லை. பிறர் சிந்தியதைத் துடைத்தே இத்தனை வருடமும் கழிந்தது. யாரும் தேடி வரவில்லை. தேடிப் பிடித்தவரும் சீக்கிரமே வேறொன்றைப் பார்த்ததும் கைவிட்டார்..."

கணக்குப் பிரிவுப் பெண்ணொருத்தி, உமெகாகியின் விவாகரத்தை நினைத்து, ஓவென்று அழுதுவிட்டாள்.

"சண்டையில் ஒரு அடி தாங்கியதில்லை. ஆனாலும் ஒருநாளும் வராமல் இருந்ததில்லை. இனி காய்ந்து, மடிந்து, நிம்மதியாக இருக்கட்டும்."

விளக்கை அணைத்தார்கள். திரையில் சோகின் வரும் என்று உமெகாகி நிமிர்ந்து பார்த்தாள். வந்தது அவள் படம். வேலைக்குச் சேர்ந்த அன்று எடுத்தது, கோணல் முன்முடியோடு.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. யாரோ பூங்கொத்தை அவள் கையில் திணித்தார்கள். வாக்கியங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து அவள்மேல் உட்கார்ந்தன. எல்லாம் அவள் எழுதியவை. எல்லாம் பொருந்தின.

"அப்போ... சோகின்?" என்றாள்.

"அது பத்திரமா இருக்கு!" தெராமோதோவின் முகம் மலர்ந்தது. "நீங்கதானே சொன்னீங்க, கொசோ சோறு கேக்குதா, சம்பளம் கேக்குதான்னு? அத அப்படியே கம்பெனிப் பெரியவர்கிட்ட போய்ச் சொன்னேன். அசந்துட்டார். 'அட, ஆமா, அப்போ சம்பளம் கேக்கறது யாரு?'ன்னு கேட்டார். ஒரு கொசோவையும் தொடல, உமெகாகி சான். எல்லாம் உங்களாலதான்."

பட்டமளிப்பு எனக்கென்று தெரியாது, சோகினுக்கு என்று தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். ஆனால் எதிரே நாற்பது பேர் மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்கிறார்கள். நன்றி சொன்னது அவள், உரை எழுதியது அவள், பூவின் நிறத்தைத் தேர்ந்ததும் அவள். இங்கே பத்துப் பேர் கூடிய இடத்தில் சூழலைக் கெடுப்பது கொலைக்குச் சமம். உமெகாகிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின. இரண்டையும் விழுங்கிக்கொண்டு குனிந்து வணங்கினாள்.

"இன்னொரு சந்தோஷச் செய்தி" என்றார் தெராமோதோ. "உங்க நினைவா ஒரு புது கொசோ சேக்கறோம்!"

திரையில் வந்தது: கோணல் முன்முடி, கையில் சாம்பல் பூங்கொத்து, உமெகா என்று பெயர். ஐந்து எழுத்துக்குள் அடங்கியது என்று மகிஹாரா பெருமைப்பட்டான்.

"இதோட வித்தை என்ன?" என்று கேட்டாள்.

"குனிஞ்சு கும்பிடும். எதிரிக்கு அப்புறம் அடிக்க மனசு வராது."

கேக்கின் கிரீம் மேசையில் வழிந்திருந்தது. கை தானாகத் துணியைத் தேடியது. இன்றைக்கு வேண்டாம் என்று அப்படியே விட்டுவிட்டு உமெகாகி வெளியேறினாள்.

அடுத்த வருட வாக்கெடுப்பு முடிவை அவள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தாள். சோகின் வரலாற்றில் முதல்முறையாகக் கடைசி இடத்திலிருந்து ஒரு படி ஏறியிருந்தது, ஒரே ஒரு ஓட்டோடு. அதற்கும் கீழே, ஓட்டே இல்லாமல், உமெகா கும்பிட்டுக்கொண்டு நின்றது. பார்த்ததும் அவளுக்குச் சுருக்கென்றது. ஆளுக்கு ஒரு ஓட்டுதான். அதை அவள் சோகினுக்குப் போட்டுவிட்டாள்.