அசனத்துக்குப் போனவள்

என் மனைவி சுஜா கோபித்துக்கொண்டு ஊருக்குப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஏரலுக்குப் பக்கத்தில், தாமிரபரணிக் கரையில் அவள் கிராமம். நான் சென்னை ராயபுரத்துக்காரன், பெயர் பிராங்கிளின். திருவொற்றியூர் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கிரேன் ஓட்டுகிறேன். கல்யாணமான நாலாவது மாதமே, ஊர் வேதக்கோயிலில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் அசனத்துக்குப் போகட்டுமா என்று கேட்டாள். கொஞ்ச நாள் கழித்துப் போகலாம் என்று சொன்னேன். மறுநாள் வேலை முடிந்து வந்தால் பெட்டியும் இல்லை, ஆளும் இல்லை. போன் அடித்தேன், எடுக்கவில்லை. எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. ரோஷத்தை வைத்துக்கொண்டு ஒரு மண்ணும் செய்ய முடியாது என்பது எட்டே நாளில் தெரிந்தது. ஆனாலும் கூப்பிடவில்லை. அவள் தலையணை உறையை மட்டும், வாசம் போய்விடுமே என்று துவைக்காமல் வைத்திருந்தேன்.

அன்று காலை திருவொற்றியூரில் வெயில் சுள்ளென்று அடித்தது. மார்க்கெட்டில் யாரும் வியாபாரம் பார்க்கவில்லை. கடைக்காரர்களில் பாதிப் பேர் தெற்கத்திக்காரர்கள். தூத்துக்குடி மாவட்டத்துக்கு ரெட் அலர்ட், இடி மின்னலோடு அதி கனமழை, ஆற்றோரக் கிராமத்து ஜனங்கள் உடனே மேட்டுக்குப் போகவேண்டும் என்று டிவியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஆளாளுக்குப் போனில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

என் முதலாளி பொன்ராஜ், சுஜாவுக்குத் தாய்மாமா. கிரேனுக்குக் கீழே வந்து நின்றார்.

"மாப்ள, அவ வீட்ட விட்டு வர மாட்டேங்கா. தண்ணி இம்புட்டுத் தூரம் வராதுங்கா. நீரு பேசிப் பாரும்."

அவர் போனிலேயே பேசினேன். முதலில் மழைச் சத்தம்தான் கேட்டது.

"சுஜா, நான்தான் மே. அம்மாவ இட்டுகினு கோயில் மேட்டுக்குப் போ."

"இன்னும் எங்க போவச் சொல்லுதிய? அன்னைக்கே போவச் சொல்லிட்டியளே."

"நானா? எப்போ?"

"அசனத்துக்குக் கேட்டப்ப, அப்பால போன்னு சொன்னியளே. பைபிள்ல சாத்தானத் துரத்துத சொல்லுல்லா அது."



"ஐயோ, அப்பாலன்னா நீ சொல்ற 'பொறவு' மே. அப்பால துன்னலாம், அப்பால தூங்கலாம். எங்க ஊர்ல அப்டித்தான். பொறவு போன்னுதான் சொன்னேன்."



"ரெண்டு மாசமா இதச் சொல்லாம என்ன செஞ்சிய?" என்றாள். குரல் உடைந்திருந்தது.

"உன்னையே நெனச்சிகினு கெடந்தேன். இப்ப போ, சுஜா. இப்பவே போ."

"போறேன்," என்றாள். அதோடு லைன் போய்விட்டது.

சாயங்காலத்துக்குள் ஆறு ஊருக்குள் புகுந்துவிட்டது என்றார்கள். அவள் போன் ஸ்விட்ச் ஆஃப். அவள் கிளம்பினாளா, கிளம்பியும் நடுவழியில் தண்ணீரில் மாட்டினாளா, ஒன்றும் தெரியவில்லை. தெற்கே ரயிலை நிறுத்திவிட்டார்கள். கிடைத்த பஸ்ஸில் ஏறினேன்.

மூன்றாம் நாள் யாருடைய நம்பரிலிருந்தோ கூப்பிட்டாள்.

"கோயில் மாடியில இருக்கோம். அம்மைக்கு ஒண்ணுமில்ல. வீடுதான் இடிஞ்சு போச்சு. தண்ணி வடிஞ்சாலும் போறதுக்கு இடமில்ல."

"வூடு கீதே, சுஜா. நம்ம வூடு."

அவள் அழுதாள். நான் அழவில்லை என்று சொன்னால் பொய். பிறகு, "எப்ப வருவிய?" என்று கேட்டாள்.

"வந்தாச்சு மே. பாலம் ஒடஞ்சி கீது. நேத்துலேர்ந்து இந்தக் கரையிலதான் நின்னுகினு கீறேன்."