ரங்கூன் மேல் கடல்பனி

1995ஆம் ஆண்டு பங்குனி மாதம், ஊரே வெயிலில் வெந்துகொண்டிருந்த ஒரு பகலில், ரங்கூன் நகரம் முழுவதும் கடல்பனியால் மூடிக் கிடப்பது ஒரு விமானத்தின் ராடாரில் தெரிந்தது. அதே வாரம் லத்தா கடைத்தெருவில் ஐஸ் கட்டிக்குத் தட்டுப்பாடு. மீன்காரர்கள் அதைச் சாக்காக வைத்து விலையை ஏற்றியிருந்தார்கள். விமானம் ஒன்றும் புதிதல்ல. வடகோடிக் கடலில் பனிப்பாளம் எங்கே நிற்கிறது என்று பார்த்துக் கப்பல்களுக்குச் சொல்வதற்காக இருபது வருடம் பறந்து ஓய்ந்ததை ஒரு சிறு கம்பெனி வாங்கி வந்து, மிங்கலாடோன் விமான நிலையத்திலிருந்து மண்டலேக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. வயிற்றுக்குக் கீழே நீளப் பெட்டியாகத் தொங்கிய பழைய ராடாரைக் கழற்றுவது வெட்டிச் செலவு என்று அப்படியே விட்டுவிட்டார்கள். கூடவே பறந்த மெக்கானிக் நல்லப்பன் அதை ஒருநாள் போட்டுப் பார்த்தார். கரடுமுரடான பழைய பனி அதில் வெளுப்பாகத் தெரியும், திறந்த தண்ணீர் கறுப்பாகத் தெரியும், இரும்புக் கப்பல் என்றால் பளிச்சென்று ஒரு புள்ளி விழும். நாய் வாலை நிமிர்த்த முடியாது, இதுவும் பழகியதைத்தான் பார்க்கும் என்று முதலில் சிரித்தார். பிறகு மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், தான் குடியிருக்கும் தெருவுக்கு நேர் மேலே, பனிக்கு நடுவில் ஒரு கப்பல் சிக்கி நிற்பதைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

அந்தத் தெருவிலிருந்து கப்பலுக்குப் போய்த் திரும்பாதவன் ஒருவன்தான். 1988இல் பல்கலைக்கழகத்தை மூடியபோது படிப்பு பாதியில் நின்ற பிள்ளைகள் பலர் கப்பல் வேலைக்குப் போனார்கள். ரவியும் போனான், கல்யாணமான நாலாம் மாதம். 1992இல் அவனுடைய கப்பல் வடக்குக் கடலில் காணாமல் போனது. ஏஜெண்ட் கையை விரித்துவிட்டார். மனைவி மங்கலம் கொசுவலை தைத்துப் பிழைத்தாள். பொட்டையும் மெட்டியையும் எடுக்கச் சொன்ன உறவுக்காரர்களிடம், அவர் செத்ததைப் பார்த்தவன் வந்து சொல்லட்டும் என்று ஒரே பதிலைச் சொல்லி வந்தாள். அவளிடம் போய் இதைச் சொல்வதா வேண்டாமா என்று நல்லப்பன் தவித்தார், கடைசியில் சொல்லிவிட்டார். அவள் தையல் மெஷினை நிறுத்தினாள்.

"கப்பல் நல்லாருக்கா அண்ணே?"

"இப்ப நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. ஆனா ஐஸ் நெருக்குது. ஒவ்வொரு தடவ பாக்குறப்பவும் புள்ளி சிறுத்துப் போவுது."

இன்னொன்றும் சொன்னார். ஊர் முழுக்கப் பனி, ஓர் இடத்தில் மட்டும் கறுப்பாக ஓட்டை. ரயில் பாதையோரத்து அம்மன் கோயில் அது. கப்பலை முதலில் பார்த்த அன்று அங்கே தீமிதி. பூக்குழி கனன்றுகொண்டிருந்த இடத்தில் மட்டும் பனி உருகித் தண்ணீர் தெரிந்திருக்கிறது. மங்கலம் வேறெதுவும் கேட்கவில்லை. அடுத்த பங்குனிக்குக் காப்புக் கட்டுவதாக அன்றே வேண்டிக்கொண்டாள். பனி ஒரு வருடம் பொறுக்குமா என்பதுதான் கேள்வி. நல்லப்பன் ஒவ்வொரு முறை தரை இறங்கியதும் அவள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி, இருக்கு என்று சொல்லிவிட்டுப் போவார். மழைக்காலம் முடிந்தபோது கடுகளவு இருக்கு என்றார்.

1996 பங்குனியில் அவள் குழியில் இறங்கினாள். மற்றவர்கள் ஓட்டமும் நடையுமாகக் கடக்கிற தீயை அவள் கடைக்குப் போகிறவளைப்போல நிதானமாக நடந்து கடந்தாள். குழியின் முடிவில், மிதித்தவர்கள் கால் நனைக்க வெட்டியிருந்த பால்குழியில் அவள் கால் வைத்ததும் பால் உறைந்து கட்டியானது. கணுக்கால் வரை இறுகிவிட்டது. பம்பைக்காரன் அடித்த கையைத் தூக்கியபடியே நின்றான். பூசாரி கிடாவெட்டுகிற அரிவாளைக் கொண்டுவந்து, பாலை வெட்டி அவளை வெளியே எடுத்தார். பாதத்தில் கொப்புளம் இல்லை, குளிரில் வெளுத்திருந்தது. வலது கால் மெட்டி ஒன்றைக் காணோம். அவள் அப்படியே தெருவழியே வீட்டுக்கு நடந்தாள். மேலே, இறங்க அனுமதி கிடைக்காமல் விமானம் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது. கோயிலிலிருந்து தன் தெருவரைக்கும் பனியில் ஒரு பெண்பிள்ளையின் நடை அளவுக்குக் கறுப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுவதை நல்லப்பன் திரையில் பார்த்தார். பைலட்டும் பார்த்தார், தண்ணீர் கேட்டுக் குடித்தார். மங்கலம் வீட்டுக் கதவைத் திறந்தபோது கப்பல் அசைந்து, அந்தப் புள்ளிகளின் வழியே திரும்பி, படத்தை விட்டு வெளியே போய்விட்டது.

மறு ஆண்டு பங்குனிக்குச் சற்று முன்னால் ஒருவன் வந்தான். ஜாபர் என்று பெயர், கப்பலில் சமையல்காரன், வீடு லத்தாவுக்குப் பக்கம். பின்னால் அவன் மனைவி சைதா கைக்குழந்தையோடு நின்றாள். கோயில் கோயிலாக விசாரித்து வந்ததாகச் சொல்லி, ஜாபர் ஒரு தட்டில் மெட்டியை வைத்தான்.

"ஐஸ் மேல காலடி காலடியா ஓட்டைக்கா. அது வழியா விரிசல் விட்டுது, கேப்டன் அந்த விரிசல்ல கப்பல ஓட்டுனாரு. கடைசி ஓட்டையில இது கெடந்துச்சு. பாத்ததும் நம்மூரு பொம்பள மெட்டின்னு தெரிஞ்சு போச்சு."

"ரவி எங்க?"

"எங்க கப்பல்ல ரவின்னு யாரும் இல்லக்கா."

மங்கலத்துக்குத் தலையில் இடி விழுந்தது போலிருந்தது. சைதா காலில் விழப் போனாள். மங்கலம் காலை இழுத்துக்கொண்டாள். "அப்ப உன் புருஷனுக்காகவா நான் நெருப்புல நடந்தேன்?" என்று கேட்டாள். கேட்டது தப்புதான், ஆனால் அந்த நிலையில் யார்தான் கேட்டிருக்கமாட்டார்கள்? அவர்கள் போனபிறகு தைத்து வைத்திருந்த கொசுவலைகளின் மேல் கவிழ்ந்து படுத்து அழுதாள். அம்மனைத் திட்டினாள், ராடாரைத் திட்டினாள். அந்த வாரமே நல்லப்பன் சைக்கிளை நிறுத்தினார். அதே இடத்தில் இன்னொரு கப்பல்.

"போன தடவையும் இதத்தான் சொன்னீங்க."

"இப்பவும் அதுதான் தங்கச்சி. கப்பல் தெரியும். அதுக்குள்ள யாரு இருக்கான்னு தெரியாது."

அவள் இரண்டு நாள் தையல் மெஷினைத் தொடவில்லை. அதில் தன் புருஷன் இல்லாமல் இருக்கலாம். எவளோ ஒருத்தியின் புருஷன் கட்டாயம் இருப்பான். மூன்றாம் நாள் காப்புக் கட்டிக்கொண்டாள். அதன்பிறகு ஒவ்வொரு பங்குனியிலும் இது நடந்தது. பால் உறையும், மெட்டி விழும், கப்பல் போகும், அடுத்த வருடத்துக்குள் எவனாவது ஒருவன் மெட்டியோடு வந்து நிற்பான். மோல்மேன்காரன் வந்தான், கள்ளிக்கோட்டைக்காரன் வந்தான், பாஷை தெரியாத வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் வந்து, தரையில் உட்கார்ந்து மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா சேமியாவைச் சாப்பிட்டுவிட்டு அழுதுவிட்டுப் போனார். மெட்டி புருஷன் போட்டுவிட வேண்டியது என்பதால் எல்லோரும் அதைத் தட்டில்தான் வைத்தார்கள். மங்கலம் குனிந்து தானே போட்டுக்கொண்டாள். ஒவ்வொருவரிடமும் ரவியைக் கேட்டாள். ஊர் பழகிவிட்டது. சைதா வருடந்தோறும் பால்குழிக்கு ஒரு கேன் பால் கொண்டுவந்து ஊற்றினாள். நர்கிஸ் புயல் கோயில் கூரையைத் தூக்கிப்போன மறு வருடமும் குழி வெட்டினார்கள்.

அந்த வருடக் கடைசியில் விமானத்தைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். கடைசிப் பயணத்தில் நல்லப்பன் பார்த்தபோது பனி இருந்தது, அவள் வீட்டுக்கு மேலே ஒரு புள்ளியும் இருந்தது. இனி நான் வந்து சொல்ல முடியாது என்று அவள் வாசலில் நின்று அழுதார். 2010 பங்குனியில், மேலே கப்பல் நிற்கிறதா, எப்போதோ நொறுங்கிவிட்டதா என்று யாருக்கும் தெரியாத நிலையில், காதோரம் நரைத்த மங்கலம் குழியில் இறங்கினாள். பூசாரி அரிவாளை முன்கூட்டியே தயாராக வைத்திருந்தார். அவள் கடந்துவந்து பாலில் கால் வைத்தாள். கூட்டம் எட்டிப் பார்த்தது. பால் உறைந்தது.

பாலை வெட்டி விடுவித்த காலைச் சைதா மடியில் வைத்துத் துடைத்தாள்.

"மெட்டி விழுந்துருச்சா பாரு" என்றாள் மங்கலம்.

"விழுந்துருச்சுக்கா."

"அப்ப யாரோ வர்றாங்க."

அவளைக் கைத்தாங்கலாகத் தெருவழியே நடத்திக்கொண்டு போனார்கள். சைதா காலிக் கேனை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.