காலி நாற்காலியின் கருத்துகள்

தர மதிப்பீட்டுக் குழு வந்த அன்று, மேட்டு மாவட்டத்தின் மூன்று மாடி நர்சிங் கல்லூரி குழுவினர் கண்ணுக்குத் தெரியவில்லை. கட்டடம் அதே இடத்தில்தான் இருந்தது. ஜீப் ஓட்டி வந்த உள்ளூர் டிரைவருக்குத் தெரிந்தது, இஸ்திரி போட்ட சீருடையில் காத்திருந்த மாணவிகளுக்குத் தெரிந்தது, ஜன்னலில் உட்கார்ந்திருந்த பூனைக்குக்கூடத் தெரிந்தது. குழுவினரோ வாசற்படியில் கால் தடுக்கி, நிலம் கரடுமுரடானது என்று குறித்துக்கொண்டார்கள். மூன்று மாடியும் மூச்சிரைக்க ஏறி, குன்றின் உச்சியில் நல்ல காற்று வருகிறது என்று எழுதினார்கள். "சார், உங்க முன்னாடிதான் சார் நிக்கிறேன்!" என்று கல்லூரி முதல்வர் தொண்டை கிழியக் கத்தியது, 'இப்பகுதியில் கோரிக்கைகள் காற்றில் கேட்கின்றன' என்று பதிவானது. டீயும் பிஸ்கட்டும் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. இரண்டாவது டீயையும் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, இல்லாத கல்லூரிக்குத் தரச்சான்று வழங்க இயலாது என்று முடிவு செய்து கிளம்பினார்கள்.

அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. குழுவினர் அனைவரும் தலைநகரில் ஒரே தெருவில் குடியிருப்பவர்கள். அந்தத் தெருவில் இருப்பதைப் போன்ற கட்டடமும், அந்தத் தெருவில் நடமாடுவதைப் போன்ற மனிதர்களும் மட்டுமே அவர்கள் கண்ணில் படும். பிறவிக் கோளாறு அல்ல, பதவியேற்றதும் வருவது. எல்லாப் பகுதிகளுக்கும் நியாயமான பிரதிநிதித்துவம் வேண்டும் என்று சட்டம் கறாராகச் சொன்னதால், தெருவின் கிழக்கு வரிசையிலிருந்து பாதிப் பேரையும் மேற்கு வரிசையிலிருந்து பாதிப் பேரையும் நியமித்திருந்தார்கள். தொலைதூர மாவட்டங்களின் பிரதிநிதியாக இருந்தவரின் வீடு தெருக்கோடியில் இருந்தது. அந்தப் பகுதிகளின் கஷ்டம் தனக்குத் தெரியும் என்றும், தன் வீட்டுக்கும் பேப்பர் தாமதமாகத்தான் வருகிறது என்றும் அவர் கூட்டங்களில் உருக்கமாகப் பேசுவார்.

சான்று இல்லாததன் பலன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. முதல்வரின் ஒரே மகள் அதே கல்லூரியில் படித்துத் தலைநகரின் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். அறிக்கை வெளியான வாரத்தில் அவள் பாதங்கள் மங்கின. பிறகு இடுப்புவரை மறைந்தாள். மாதக் கடைசியில், ஒரு ஊசி தானாக மிதந்து வந்து குத்தி, பஞ்சு தானாகத் தேய்த்துவிட்டுப் போவதை வார்டே பார்த்தது. வலிக்காமல் குத்துகிற ஊசி என்று அதற்கு நல்ல பெயர் கிடைத்தது. ஆள் இல்லாத வேலைக்கு எப்படிச் சம்பளம் போடுவது என்று கணக்குப் பிரிவு மிக நியாயமாகக் கேட்டது. மகள் அம்மாவுக்கு போன் செய்தாள். "லிஃப்ட்ல என் கால் மேலயே ஏறி நிக்கறாங்கம்மா. வாயைத் திறந்தா பயந்து ஓடறாங்க. எனக்கே சில நேரம் நான் இருக்கேனான்னு சந்தேகமா இருக்கு." மாணவிகள் கறார் மேடம் என்று பெயர் வைத்திருந்த முதல்வர் அம்மாள், போனை வைத்துவிட்டு ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.

அழுது முடித்ததும் குழுவில் தங்கள் மாவட்டத்துக்கு ஓர் இடம் கேட்டு விண்ணப்பித்தார். சான்று பெற்ற கல்லூரியைச் சேர்ந்தவர்தான் உறுப்பினராக முடியும் என்று பதில் வந்தது. சான்று தர வேண்டியவர்களுக்குக் கல்லூரி தெரியவில்லையே என்று கேட்டதற்கு, அதை உறுப்பினராக வந்து கூட்டத்தில் சொல்லலாம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. கறார் மேடம் அதற்கு மேல் விண்ணப்பிக்கவில்லை. பஸ் ஏறித் தலைநகர் போனார். கண்ணுக்குத் தெரியாதவரைத் தடுக்க எந்த வாட்ச்மேனாலும் முடியாது. கூட்ட அறைக்குள் நேராக நுழைந்து, காலியாகக் கிடந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

பேசுவது யார் என்று தலையைத் தூக்கிப் பார்க்கும் வழக்கம் அங்கே இல்லாதது வசதியாகப் போயிற்று. "மேட்டு மாவட்டத்துக்குப் போறப்ப அந்த மாவட்டத்து ஆள் ஒருத்தரைக் கூட வச்சுக்கணும்" என்று அவர் சொன்னதை, கிழக்கு வரிசைக்காரர்கள் மேற்கு வரிசை சொன்னதாக நினைத்தார்கள், மேற்கு வரிசைக்காரர்கள் தலைவர் சொன்னதாக நினைத்தார்கள். தலைவர் அது மேலிடத்துக் குரல் என்று நினைத்து எழுந்து நின்றே ஒப்புக்கொண்டார். மறுமுறை போனபோது ஜீப் டிரைவர் ஒவ்வொருவர் கையையும் பிடித்துச் சுவரில் வைத்து, "இது செவுரு சார், நல்லா தடவிப் பாருங்க" என்று பொறுமையாகப் பழக்கினார். முதலில் பெயர்ப்பலகை தெரிந்தது. மதியத்துக்குள் படிக்கட்டு, பிறகு கட்டில்கள், கடைசியாக மாணவிகள். தங்கள் கண்டிப்பான அறிக்கைக்குப் பிறகு இவ்வளவு விரைவில் கல்லூரியைக் கட்டி முடித்திருப்பது பாராட்டத்தக்கது என்று குழு எழுதியது.

இனி ஒரு கையெழுத்துதான் பாக்கி. அது விழுந்தால் அந்தக் கல்லூரியைச் சேர்ந்த அத்தனை பேரும் தலைநகரின் கண்ணுக்குத் தெரிவார்கள், முதல்வர் உட்பட. தெரிந்த நிமிடமே வாட்ச்மேன் அவரைக் கையைப் பிடித்து வெளியே விடுவார். இன்னும் நாலு மாவட்டக் கல்லூரிகள் குழுவின் கண்ணுக்கு வெறும் நிலமாகவே கிடந்தன, அவற்றுக்காகப் பேச அறையில் வேறு யாரும் இல்லை. பேனா தாளைத் தொடும் நேரத்தில் காலி நாற்காலியிலிருந்து குரல் வந்தது: "முதல்வர் பதவி மட்டும் காலின்னு போட்டுக்கோங்க." போட்டுக்கொண்டார்கள். இவ்வளவு பொறுப்பாகக் கருத்துச் சொல்லும் அந்த நாற்காலியையே தொலைதூர மாவட்டங்களின் நிரந்தரப் பிரதிநிதியாக்கி, அதன் படத்தை ஆண்டறிக்கையின் அட்டையில் அச்சிட்டார்கள். தெருக்கோடி வீட்டுக்காரருக்கு மட்டும் மனவருத்தம்.

ஆஸ்பத்திரியில் ஒரு காலை, ஊசிக்குப் பின்னால் ஒரு பெண் இருப்பதாகக் கிழவர் ஒருவர் கூச்சல் போட்டார். பழைய சம்பளம் முழுவதும் வந்து சேர்ந்தது. அம்மா மதிய வேளைகளில் கேன்டீனுக்கு வந்து மகளோடு உட்காருவார். "போதும்மா. நீயும் எல்லார் கண்ணுக்கும் தெரியற மாதிரி வந்துடேன்" என்று மகள் ஒருநாள் கேட்டாள். "வரேன்டி. அந்த நாலு மாவட்டத்துப் பொண்ணுங்களும் இங்கதான் எங்கயோ ஊசி போட்டுக்கிட்டிருக்கும். அதுங்களும் தெரியட்டும். நீ திரும்பி உட்காரு, தலை எப்படிக் கலைஞ்சு கிடக்கு பாரு." கேன்டீன் நடுவில், ஒரு நர்ஸின் கூந்தல் தானாகப் பிரிந்து, தானாக மூன்றாகி, தானாகவே இறுக்கமாகப் பின்னிக்கொண்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். பக்கத்து மேசையில் யாரோ உப்பு கேட்டார்கள்.