மாவு பூசிய பட்டதாரி

அர்ஜென்டினாவில், எங்கள் போசாதாஸ் நகரத்தில் ஒருவர் கடைசி வாய்மொழித் தேர்வை முடித்துப் பட்டதாரியாக வெளியே வந்தால், நண்பர்கள் அவரை முட்டையால் அடிப்பார்கள். முட்டைக்கு மேல் மாவு, மாவுக்கு மேல் கெச்சப், அப்புறம் கையில் அகப்பட்டதெல்லாம். இது அன்பு. வெளியூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள், சுளித்துவிட்டுப் போகட்டும். ஆனால் அடிப்பதற்கு முன்னால் 'தேறினாயா' என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். மைராவின் வகுப்புத் தோழன் லவுத்தாரோ கேட்கவில்லை.

மைரா தேர்வறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தபோது அழுதுகொண்டிருந்தாள். ஆனந்தக் கண்ணீர் என்று அந்த மடையன் நினைத்துவிட்டான். முதல் முட்டை நெற்றியில் உடைந்தது. அவள் வாயைத் திறந்தாள், வாய்க்குள் மாவு போனது. யாரோ விசில் ஊதினார்கள், யாரோ அவள் சட்டைக் கையைக் கத்தரித்தார்கள், கழுத்தில் 'பட்டதாரி' என்று எழுதிய அட்டை ஏறியது. "கோர்தோபாவுக்குப் போனதும் எங்கள மறந்துடாதடி!" என்று கத்திவிட்டு, அடுத்த அறையிலிருந்து வரப்போகிறவனுக்காக அத்தனை பேரும் ஓடிவிட்டார்கள்.

உள்ளே நடந்தது இதுதான். பேராசிரியர் கேட்ட ஒரு கேள்விக்கு அவள் நாக்கு ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு எல்லாமே மறந்துபோனது. "மறுதேர்வுக்குப் பிப்ரவரியில வாங்க" என்றார் அவர். மேலாண்மைத் தகவல் அமைப்புகள் படிப்பை முடித்தவர்களைக் கோர்தோபா நகரத்தில் ஒரு மென்பொருள் நிறுவனம் ஜனவரியில் எடுக்கிறது, மைராவுக்கும் இடம் சொல்லியிருந்தது. பட்டம் கையில் இருந்தால்தான் வேலை. அந்த வேலை இப்போது இல்லை. அதைவிட, மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கும் அம்மா நெல்லியிடம் இதை எப்படிச் சொல்வது?

பேருந்து வந்தது. ஓட்டுநர் கதவைத் திறந்தார், பார்த்தார், படியில் கால் வைக்க விடவில்லை.

"சீட்டெல்லாம் நாறிப்போயிடும் தாயி. சரி, என்ன படிப்பு முடிச்ச?"

"தகவல் அமைப்புண்ணே."

"கம்ப்யூட்டர் ரிப்பேரா? வீட்ல பிரிண்டர் ஒண்ணு சாகக் கிடக்கு."

"ரிப்பேர் இல்லண்ணே. எந்த பஸ் எப்ப வரும், ஏன் ரெண்டு ஒண்ணா வருதுன்னு டேட்டாவைப் பார்த்துக் கண்டுபிடிக்கிற வேலை."

"ஏன்னு நானே சொல்றேன். முன்னால போறவன் கடையில நிறுத்தி சிப்பா ரொட்டி வாங்குறான்!" என்று சிரித்து, தெரு முனை வரைக்கும் ஹாரன் அடித்துக்கொண்டே போனார்.

மைரா நடந்தாள். டிசம்பர் கோடை வெயிலில் முட்டையும் மாவும் உடம்போடு காய்ந்தன. ஆற்றங்கரைச் சாலையில் மரநிழல்கள் அசையாமல் கிடந்தன. அக்கரையில் பராகுவே வெப்பத்தில் மிதந்தது, தொட்டால் கலைந்துவிடும் போல. எதிரே வந்த கார்களெல்லாம் ஹாரன் அடித்தன, பால்கனியில் நின்றவர்கள் கைதட்டினார்கள். தேறிவிட்ட வேறொரு மைரா இந்தச் சாலையில் போய்க்கொண்டிருப்பதாகவும், தான் அவளுக்குள் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதாகவும் அவளுக்குத் தோன்றியது. வெட்கமாக இருந்தது. இனிப்பாகவும் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

ஐஸ்கிரீம்காரர் ஒருவர் காசு வாங்காமல் ஒரு கோன் நீட்டினார். "இனிமே என்னவாகப் போற?"

"தணிக்கை. கடைக் கம்ப்யூட்டர்ல யாராவது கணக்கை மாத்தினா மோந்து பிடிப்பேன்."

அவர் தள்ளுவண்டியோடு ஓரடி பின்னால் போனார். "என்கிட்ட கம்ப்யூட்டரே இல்லம்மா!"

அடுத்து ஓடிவந்த ஒரு ஜோடியிடம், தான் ஆலோசகர் என்றும் வாரம் ஒரு நாட்டுக்கு விமானத்தில் போவதாகவும் சொன்னாள். சொல்லச் சொல்ல வார்த்தை தானாக வந்தது. ஆனால் விமானத்தில் ஏறி உட்கார்ந்த மைராவைக் கற்பனை செய்து பார்த்தபோது, அவளுக்கு அங்கே செய்வதற்கு ஒன்றுமே இருக்கவில்லை.

சுகாதார நிலையத்து மரத்தடியில் ஒரு பெண் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். மைராவுக்குக் கால் வலித்தது, பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பெண் ஒன்றும் கேட்காமல் தெரெரே ஊற்றி நீட்டினாள். ஐஸ் தண்ணீரில் ஊறிய யெர்பா இலையின் கசப்பு தொண்டையில் இறங்கியதும் உயிர் வந்தது.

"டாக்டரப் பாக்க விடியறதுக்கு முன்னாடியே வந்தேன். டோக்கன் தீந்துபோச்சாம். நாளைக்கு வரணுமாம்" என்றாள் அவள்.

"உள்ள கம்ப்யூட்டர் இருக்குமேக்கா?"

"இருக்கு. மொதல்ல பேப்பர்ல எழுதுறாங்க. மத்தியானத்துக்கு மேல அதைப் பாத்து அதுல ஏத்துறாங்க."

"வராம போனவங்க எடத்தை யாருக்குக் குடுப்பாங்க?"

"யாருக்கும் இல்ல. சும்மா கெடக்கும்."

மைரா நிமிர்ந்து உட்கார்ந்தாள். போனில் கூப்பிட்டாலே பெயரைப் பதியலாம், வர முடியாதவர் முந்தின நாளே சொன்னால் அந்த இடம் அடுத்தவருக்குப் போகும், குழந்தையோடு வருகிறவர்கள் விடியலில் நிற்க வேண்டியதில்லை. ஒரு குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினாள். வாய் ஓயவில்லை. இதுவரை வழியில் சொன்னதெல்லாம் புளுகு. இது மட்டும் புளுகாக இல்லை என்று அவளுக்கே தெரிந்தது, தெரிந்ததும் மறுபடி அழுகை வந்தது.

"எப்ப இங்க வேலைக்கு வர?" என்றாள் அந்தப் பெண், நிஜமாகவே நம்பி.

"அக்கா... நான் தேறல."

"அப்புறம் இந்த மாவு?"

"கேக்காம அடிச்சுட்டாங்க."

அந்தப் பெண்ணுக்குத் தெரெரே மூக்கில் ஏறிவிட்டது. சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது. மைராவும் சிரித்தாள். ஒருவரிடம் சொல்லியாயிற்று. அட்டையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடியிருந்தார்கள். நெல்லியின் கையில் ஒரு முட்டை. முகமெல்லாம் சிரிப்பு, கை ஓங்கியாயிற்று.

"அடிக்காதம்மா. நான் பாஸாகல."

கை அப்படியே நின்றது.

"தெருவெல்லாம் சொல்லிட்டேனேடி!" நெல்லியின் குரல் உடைந்தது. கோபமும் இருந்தது, இல்லையென்று நான் சொல்லமாட்டேன். மகளை மேலும் கீழும் பார்த்தாள். காய்ந்த மாவில் கண்ணீர் இரண்டு வழி போட்டிருந்தது. நெல்லி தெருவைப் பார்த்துத் திரும்பினாள். "பாஸாகலையாம்! கேட்டுச்சுல்ல? போய் அவங்கவங்க வேலையப் பாருங்க. பிப்ரவரியில வாங்க!"

மகளை அடுப்படிக்கு இழுத்துப்போனாள். ஓங்கிய முட்டையை வாணலியில் உடைத்து ஊற்றினாள்.

"கோர்தோபா வேலை?"

"போச்சும்மா."

"அப்ப என்ன பண்ணப் போற?"

மைரா மரத்தடியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள், எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்தது. நெல்லி தட்டை அவள் முன்னால் வைத்து, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மொதல்லேர்ந்து சொல்லு. எனக்குப் புரியற மாதிரி. புரியலைன்னா நானும் பிப்ரவரியில வரச் சொல்லுவேன்."